எந்த ஜெபின்? லிங்க்ட்இன் லிங்க்குக்குப் பேரு வைக்கும் வேலை

(பாட்காஸ்ட் உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்டது ஒரு சின்ன விஷயம். லிங்க்ட்இன்ல உங்க ப்ரொஃபைலுக்குன்னு ஒரு லிங்க் இருக்கு. அது எங்க இருக்கு, அதை எப்படி மாத்துறது, மாத்தும்போது என்ன பேரு வைக்கிறது. மாத்துறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். என்ன பேரு வைக்கிறதுங்கிற கேள்விக்குத்தான் இந்த எபிசோட். நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுல ஒரு தனிச் சிக்கல் இருக்கு, அதைச் சொல்லுதேன்.

நான் நாகர்கோவில்ல வீட்டில இருந்தபடியே ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலை பார்க்கிறேன், பழைய கேட்பாளர்களுக்குத் தெரியும். ரெஸ்யூம் பார்க்கிறதுதான் பொழுதன்னைக்கும் வேலை. ஒரு ரெஸ்யூமைத் திறந்ததும் கண்ணு முதல்ல பேருக்குப் போகும். அடுத்து போன் நம்பர், மெயில், அதுக்குப் பக்கத்துல நீல நிறத்துல ஒரு லிங்க். அந்த நீல லிங்க்கை நான் கட்டாயம் அமுக்கிப் பார்ப்பேன். ரெஸ்யூம்ல ரெண்டு பக்கத்துக்குள்ள சொல்ல முடியாததை அங்கே பார்க்கலாம்: யாரோட வேலை பார்த்திருக்காங்க, யாரு இவங்களைப் பத்தி எழுதியிருக்காங்க, என்ன புராஜெக்ட் பண்ணியிருக்காங்க.

அமுக்கினா என்னென்ன நடக்குது தெரியுமா? சில நேரம் என்னோட சொந்த முகப்புப் பக்கமே திறக்கும். ஏன்னா அந்தப் பிள்ளை லிங்க்ட்இனைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில அப்போ என்ன இருந்ததோ அதை அப்படியே காப்பி பண்ணி ஒட்டியிருக்கும். கடைசியில 'ஃபீட்'னு முடியிற முகவரி அது. அதை யாரு திறந்தாலும் அவங்கவங்க ஃபீட்தான் வரும். இன்னும் சில பேரு 'செட்டிங்ஸ்'னு முடியிறதை ஒட்டியிருப்பாங்க. அமுக்கினா என்னோட செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அவங்க வீட்டு விலாசத்தைக் கேட்டா என் வீட்டு விலாசத்தையே எனக்குத் தர்ற மாதிரி.

இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. சீனியர் அண்ணன்கிட்ட அவரோட ரெஸ்யூம் வேர்டு ஃபைலை வாங்கி, பேரையும் மார்க்கையும் மாத்தி, பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் போட்டு, பிடிஎஃப் ஆக்கி அனுப்புறது நம்ம ஊர்ல பரம்பரை வழக்கம். தப்பே இல்லை, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். ஆனா வேர்டு ஃபைல்ல லிங்க்குன்னா ரெண்டு அடுக்கு. மேலே கண்ணுக்குத் தெரியிற எழுத்து, அடியில ஒளிஞ்சிருக்கிற முகவரி. மேலே உள்ள எழுத்தை மாத்தினா அடியில இருக்கிறது தானா மாறாது. அதனால பிடிஎஃப்ல பார்க்க உங்க பேரு, அமுக்கினா சீனியரோட ப்ரொஃபைல். போன வருஷம் ஒரே காலேஜ்ல இருந்து வந்த நாலு ரெஸ்யூம் ஒரே அண்ணன் வீட்டுல போய் நின்னுது. அந்த அண்ணன் நல்லா வேலை தெரிஞ்ச ஆளு. கடைசியில அவர்கிட்டதான் பேசினேன்.

தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் கதை வேற மாதிரி. ஒரு வேலைவாய்ப்பு முகாம்ல காகிதத்துல ரெஸ்யூம் கொடுத்தான். பேரை மாத்திச் சொல்லுதேன், ஜெபின் எஸ்-னு வச்சுக்குவோம். லிங்க் நல்ல லிங்க்தான், ஆனா லிங்க்ட்இன் தானாக் கொடுத்தது. பேரு, ஒரு கோடு, இனிஷியல், இன்னொரு கோடு, அதுக்குப் பிறகு எழுத்தும் எண்ணுமா ஒரு வால். பிரிண்ட் எடுக்கும்போது அந்த வாலோட பாதி பக்க ஓரத்துல வெட்டுப்பட்டுப் போச்சு. இருந்ததை மட்டும் டைப் பண்ணினா 'இந்தப் பக்கம் இல்லை'ன்னு வருது. சரி, பேரைப் போட்டுத் தேடலாம்னு பார்த்தா ஜெபின் எஸ், ஜெபின் எஸ், ஜெபின் எஸ்னு வந்துக்கிட்டே இருக்கு. பாதிப் பேருக்குப் படம் இல்லை. மெயில் போட்டேன், போன் பண்ணினேன், ரெண்டு நாளு ஸ்விட்ச் ஆஃப். வீட்டுல யாருக்கோ ஆஸ்பத்திரியாம், பிறகு சொன்னான். அதுக்குள்ள அந்த இடத்துக்கு இன்னொருத்தர் சேர்ந்தாச்சு. லிங்க் சரியா இருந்தா வேலை கிடைச்சிருக்கும்னு நான் சொல்ல வரலை. ஆனா அவனைப் பார்க்கவே முடியாமப் போச்சு. எனக்கு அதுதான் வருத்தம்.

இப்போ பேரு விஷயத்துக்கு வாறேன். நம்ம மாவட்டத்துல ஒரு தலைமுறையே ஜெபின், சுபின், அபின், லிபின், ஷிபின்னு பேரு வச்சு வளர்ந்திருக்கு. ஒரு கிளாஸ்ல வாத்தியாரு கூப்பிட்டா மூணு பேரு எந்திரிப்பாங்க. சுசீந்திரம் பக்கம் போனா தாணு, கோயில் பக்கம் நாகராஜன். (நாஞ்சில் நாடுன்னா தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தானேன்னு பெரியவங்க கணக்குச் சொல்லுவாங்க. கல்குளம், விளவங்கோட்டுக்காரங்க கோவிச்சுக்கிடாதீங்க, நான் மாவட்டம் முழுசுக்கும் சேர்த்துத்தான் பேசுதேன்.) இந்தப் பேருங்களுக்குப் பின்னால குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது. அப்பா பேரோட முதல் எழுத்துதான் இருக்கு. தமிழ்நாட்டுல அது சும்மா வந்த வழக்கம் இல்லை. 1929-ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் போடுறதை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. நம்ம பக்கம் அப்போ திருவிதாங்கூர்ல இருந்துச்சு, 1956 நவம்பர் 1-ந் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தோம். ஆனாலும் இன்னைக்குப் பெரும்பாலான பிள்ளைகளோட சர்டிபிகேட்ல பேரும் இனிஷியலும்தான்.

லிங்க்ட்இன்ல கணக்கு ஆரம்பிக்கும்போது முதல் பேருக்கு ஒரு பெட்டி, கடைசிப் பேருக்கு ஒரு பெட்டி. கடைசிப் பேரைக் காலியா விட முடியாது. அது வேற ஊருக்காரங்க வழக்கத்துக்குக் கட்டின வீடு. நம்ம பிள்ளைங்க அங்கே 'எஸ்'னு ஒரு எழுத்தைப் போட்டுட்டுப் போயிடுறாங்க. உடனே அந்தத் தளம் பேரு, இனிஷியல், ஒரு வால்னு லிங்க்கை அடிச்சுக் கொடுத்துடும். சில பேரு அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்துட்டு, தாத்தா காலத்துலயே விட்ட பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டுறாங்க. அது வேண்டாம். அப்பா பேரை முழுசாப் போடுங்க, அம்மா பேரைப் போட்டாலும் சரி. பெட்டி நிறையுது, ஆளும் தனியாத் தெரியுது.

லிங்க்கோட உடம்பைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். லிங்க்ட்இன் டாட் காம், ஒரு சாய்கோடு, 'இன்', இன்னொரு சாய்கோடு, அதுக்குப் பிறகு உங்க பேரு. நடுவுல வர்ற அந்த 'இன்' இந்தியாவைக் குறிக்கலை. அமெரிக்காக்காரனுக்கும் அதே 'இன்'தான். ஆளோட ப்ரொஃபைல்னு சொல்ற அடையாளம் அது. கம்பெனின்னா அந்த இடத்துல 'கம்பெனி'ன்னு வரும். கூகுள்ல தேடும்போது சில நேரம் முகவரிக்கு முன்னால ஒரு 'இன்' ஒட்டிக்கிட்டு வரும். அதுதான் இந்தியா. ரெண்டும் வேற வேற. கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு வர்ற துண்டு மட்டும்தான் உங்க கையில இருக்கு.

அந்தத் துண்டு எதுக்குன்னு நம்ம ரயில்வே ஸ்டேஷனை வச்சுச் சொன்னாப் புரியும். நாகர்கோவில்ல ரெண்டு ஸ்டேஷன், ஜங்ஷன் ஒண்ணு, டவுன் ஒண்ணு. ஊரு பேரு ஒண்ணுதான். ஆனா ஜங்ஷனுக்கு என் சி ஜே, டவுனுக்கு என் ஜே டி-ன்னு கோடு இருக்கு. ஒரே கோடு ரெண்டு ஸ்டேஷனுக்கு இருக்காது. அதே மாதிரி லிங்க்ட்இன்ல ஜெபின்னு ஆயிரம் பேரு இருக்கலாம், ஆனா 'இன்'-க்குப் பிறகு வர்ற அந்தத் துண்டு ஒருத்தருக்குத்தான். யாரு முதல்ல எடுக்காங்களோ அவங்களுக்கு. ஃபேஸ்புக் 2009 ஜூன் 13-ந் தேதி முதல் தடவையா இப்படிப் பேரு எடுக்க விட்டப்போ, ஆளுங்க ராத்திரி முழிச்சிருந்து எடுத்தாங்க. லிங்க்ட்இன் 2003 மே மாசமே திறந்த கடை. அதனால நல்ல நல்ல ஒற்றைப் பேரெல்லாம் எப்பவோ போயாச்சு. 'ஜெபின்'னு மட்டும் கிடைக்கும்னு நினைச்சு உட்காராதீங்க.

மாத்துறது எப்படின்னு பார்ப்போம். கம்ப்யூட்டர்ல செய்யிறது சுலபம். உள்ளே போய் மேலே உங்க சின்னப் படத்தை அமுக்கி 'வியூ ப்ரொஃபைல்' போங்க. வலது பக்கம் 'பப்ளிக் ப்ரொஃபைல் அண்ட் யூஆர்எல்'னு ஒண்ணு இருக்கும், பக்கத்துல பென்சில் படம். அதை அமுக்கினா புதுப் பக்கம் திறக்கும். அங்கேயும் வலது பக்கம் மேலே 'எடிட் யுவர் கஸ்டம் யூஆர்எல்'. உங்க இப்போதைய லிங்க் அங்கே இருக்கும், அதுக்குப் பக்கத்துப் பென்சிலை அமுக்கினா அந்தக் கடைசித் துண்டு மட்டும் மாத்துற மாதிரி வரும். அடிச்சுட்டு 'சேவ்' கொடுங்க. அவ்வளவுதான். போன்ல ஆப் வச்சிருக்கிறவங்க ப்ரொஃபைலுக்குப் போய் 'கான்டாக்ட் இன்ஃபோ'ங்கிற இடத்தைத் தேடுங்க, உங்க லிங்க் அங்கே இருக்கும், மாத்துற வழியும் அது மூலமாத்தான். ஆப்ல பட்டனை அடிக்கடி இடம் மாத்துறாங்க. அதனால பட்டன் இருந்த இடத்தை மனப்பாடம் பண்ணாம, 'பப்ளிக் ப்ரொஃபைல்', 'கான்டாக்ட் இன்ஃபோ'ங்கிற வார்த்தைகளை ஞாபகம் வச்சுக்கிடுங்க. முடியலைன்னா போன்ல குரோம்ல டெஸ்க்டாப் சைட் போட்டுப் பாருங்க.

விதிமுறை கொஞ்சம்தான். குறைஞ்சது மூணு எழுத்து, கூடிப்போனா நூறு. எழுத்தும் எண்ணும் போடலாம், நடுவுல சின்னக் கோடும் போடலாம். இடைவெளி கூடாது, மத்த குறிகள் கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. ஆறு மாசத்துல அஞ்சு தடவைக்கு மேல மாத்த விடாது. வேற ஒருத்தர் எடுத்துட்ட பேருன்னா கிடைக்காது, யாரு எடுத்ததுன்னு கேட்டாலும் சொல்ல மாட்டாங்க.

இப்போ முக்கியமான இடம். என்ன பேரு வைக்கிறது?

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. பாஸ்போர்ட்லயும் சர்டிபிகேட்லயும் இங்கிலீஷ்ல உங்க பேரு எந்த எழுத்துக்கூட்டல்ல இருக்கோ, அதே எழுத்துக்கூட்டல். ஒரு எழுத்துகூட மாறக்கூடாது.

ஏன் இவ்வளவு கறாரா சொல்லுதேன்னா, தமிழ்ப் பேரை இங்கிலீஷ்ல எழுத நம்மகிட்ட ஒரே வழி கிடையாது. நம்ம ஊரையே எடுத்துக்கிடுங்க. தமிழ்ல நாகர்கோவில், இங்கிலீஷ் போர்டுல இருக்கிறதை எழுத்துக்கூட்டி வாசிச்சா 'நாகர்காயில்'. வெள்ளைக்காரன் வாயில எப்படி நுழைஞ்சதோ அப்படியே நின்னு போச்சு. தாணுங்கிற பேரை டி ஹெச் ஏ-ன்னு எழுதுறவங்க உண்டு, டி ஹெச்-சுக்குப் பிறகு ஏ ரெண்டு போடுறவங்க உண்டு, கோயில்ல ஸ்தாணுமாலயன்னுதானே இருக்குன்னு முன்னால எஸ் போடுறவங்களும் உண்டு. ஜெயக்குமார்ல ஜே-க்குப் பிறகு ஈ-யா ஏ-யா? கே ஒண்ணா ரெண்டா? மகிழ்ங்கிற பேருல ழ-வுக்கு இசட் ஹெச்-சா, சும்மா எல்-லா? வீட்டுல அக்கா ஒரு மாதிரியும் தம்பி இன்னொரு மாதிரியும் எழுதுறதைப் பார்த்திருக்கேன், அப்பா பேரு ஒண்ணுதான்.

சென்னையிலயோ பெங்களூருலயோ வேலைன்னா இது சின்னத் தொந்தரவு. வெளிநாடுன்னா பெரிய விஷயம். நம்ம மாவட்டத்துல வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இருக்கா? 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்ல ஒற்றைப் பேரு மட்டும் இருக்கிறவங்க விசிட் விசாவுல வர முடியாதுன்னு சொன்னப்போ எத்தனை வீட்டுல தூக்கம் போச்சு, ஞாபகம் இருக்கா? பிறகு பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா விடுவோம்னு விளக்கம் கொடுத்தாங்க. அங்கே உள்ள ஆளுங்க பேரை எப்படிப் பார்க்காங்கன்னு அதுல தெரியும். ரெஸ்யூம்ல ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்ல ஒண்ணு, லிங்க்ல ஒண்ணுன்னா, பார்க்கிறவருக்கு மூணு ஆளு. நமக்குப் பேரு ஒண்ணுதானேன்னு தோணும், ஏன்னா நாம அதைத் தமிழ்ல கேட்கிறோம்.

அதனால முதல்ல பேரையும் அப்பா பேரையும் சேர்த்து, நடுவுல கோடு போட்டு, அடிச்சுப் பாருங்க. பெரும்பாலும் கிடைச்சிடும். யாரோ எடுத்திருந்தா முன்னும் பின்னும் மாத்திப் போடுங்க. அதுவும் போச்சுன்னா தொழிலை ஒரு வார்த்தையில சேர்க்கலாம். நர்ஸ், வெல்டர், சிவில், இப்படி. அந்தத் தொழில்லதான் இருப்போம்னு உறுதியா இருந்தா மட்டும். ஊருப் பேரைச் சேர்க்கிறதும் எனக்குப் பிடிக்கும். நம்ம ஊர்கள்ல முடிவுல 'விளை' வர்ற பேருங்க இருக்கே, ஆசாரிபள்ளத்துல இருந்து அருமனை வரைக்கும், அது வேற ஊருக்காரங்ககிட்ட அவ்வளவா இருக்காது. ஆனா அதை வெளியூருக்காரர் போன்ல கேட்டு எழுத முடியுமான்னு யோசிச்சுக்கிடுங்க. நான் ஒரு சோதனை வச்சிருக்கேன்: போன்ல ஒருத்தருக்கு உங்க லிங்க்கைச் சொல்லுங்க. ரெண்டாவது தடவை சொல்ல வேண்டி வந்தா வேற பேரு பாருங்க.

வேண்டாதது என்னன்னா, இப்போ வேலை பார்க்கிற கம்பெனி பேரு. அதை விட்டு வந்தாலும் லிங்க்ல அது ஒட்டிக்கிட்டே இருக்கும், புது மேனேஜருக்கு அது நல்லாப்படாது. பிறந்த வருஷம் வேண்டாம், வயசை எதுக்கு வாசல்லயே எழுதி வைக்கணும்? போன் நம்பர் சுத்தமா வேண்டாம். 'கிங்', 'ராக்ஸ்', 'மாஸ்' இதெல்லாம் இன்ஸ்டாவுல இருக்கட்டும் மக்கா. ப்ரெஷருங்கிற வார்த்தையைச் சேர்த்தவங்களையும் பார்த்திருக்கேன். அஞ்சு வருஷம் அனுபவம் ஆனப் பிறகும் லிங்க்ல ப்ரெஷராவே இருக்காங்க.

தமிழ்ல வைக்கலாமான்னு போன தடவை ஒரு தங்கச்சி கேட்டிருந்தது. நல்ல ஆசைதான். ஆனா இணைய முகவரியில தமிழ் எழுத்தை காப்பி பண்ணி ஒட்டினா பல இடத்துல அது சதவீதக் குறியும் எண்ணுமா மாறிடும். கம்ப்யூட்டர் கணக்குல 'தமிழ்'ங்கிற சொல்லுல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு குறி. ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தா விரியும், மொத்தம் 45. உங்க பேரு நீளமா இருந்தா ரெஸ்யூம்ல ரெண்டு வரி போகும், யாரும் அதைக் கையால அடிக்க மாட்டாங்க. தமிழை ப்ரொஃபைலுக்கு உள்ளே, உங்களைப் பத்திச் சொல்ற இடத்துல எழுதுங்க. அங்கே அழகா நிக்கும்.

மாத்தி முடிச்சாச்சு. உடனே செய்ய வேண்டியது, பழைய லிங்க் எங்கெல்லாம் இருக்குன்னு பார்த்து மாத்துறது. ரெஸ்யூம், மெயில் கையெழுத்து, நௌக்ரி மாதிரி தளங்கள், கிட்ஹப், விசிட்டிங் கார்டு. பழைய லிங்க் எப்பவும் வேலை செய்யும்னு நம்பி இருக்காதீங்க. வெப்பைக் கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரின்னா அது மாறக்கூடாதுன்னு 1998-லயே ஒரு கட்டுரை எழுதினார். அவரு சொன்னது வெப்சைட் நடத்துறவங்களுக்கு, ஆனா நமக்கும் பொருந்தும். காலேஜ் மூணாம் வருஷத்துல, முதல் ரெஸ்யூம் பிரிண்ட் போடுறதுக்கு முன்னாலயே ஒரு தடவை யோசிச்சு வச்சுட்டா, அதுக்குப் பிறகு தொடவே வேண்டாம்.

வேர்டு ஃபைல்ல மாத்தும்போது லிங்க் மேல ரைட் கிளிக் பண்ணி 'எடிட் ஹைப்பர்லிங்க்' போய், அடியில இருக்கிற முகவரியையும் மாத்துங்க. சீனியர் அண்ணனை விடுதலை பண்ணுங்க. போன் ஆப்ல இருந்து லிங்க்கை ஷேர் பண்ணினா பேருக்குப் பிறகு ஒரு கேள்விக்குறியும் நீளமா என்னமோவும் ஒட்டிக்கிட்டு வரும். கேள்விக்குறியில இருந்து பின்னால உள்ளதை வெட்டிடலாம், லிங்க்குக்கு ஒண்ணும் ஆகாது. எங்கிருந்து அமுக்கினாங்கன்னு கணக்கு வைக்கத்தான் அது. பிரிண்ட்டுக்குப் போகிற ரெஸ்யூம்ல லிங்க் ஒரே வரியில அடங்குதான்னு பாருங்க. கடைசியா, பிடிஎஃபை உங்க கூட்டாளி ஒருத்தர் போனுக்கு அனுப்பி, அவரை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. உங்க போன்ல நீங்க பார்த்தா அது சோதனை ஆகாது. நீங்க லாகின்ல இருக்கிறதால, ஃபீட் லிங்க் போட்டிருந்தாலும் எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

லிங்க் மாத்தின அதே பக்கத்துல கீழே, லாகின் பண்ணாதவங்களுக்கு உங்க ப்ரொஃபைல்ல என்னென்ன தெரியணும்னு சுவிட்ச் இருக்கு. அது ஆஃப்ல கிடந்தா கூகுள்ல தேடினாலும் நீங்க வர மாட்டீங்க. வேலை தேடுற காலத்துல அதை ஆன் பண்ணி வைங்க. படம் எல்லாருக்கும் தெரிய வேண்டாம்னு பெண் பிள்ளைங்க சில பேரு நினைப்பாங்க, நியாயம்தான். அங்கேயே படத்துக்குன்னு தனியா தேர்வு இருக்கு. படத்தை மட்டும் மறைச்சு மத்ததைக் காட்டலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாம விட முடியாது. இந்த லிங்க்கை நீங்க எப்படி இஷ்டத்துக்கு மாத்துறீங்களோ, அதே மாதிரி மத்தவனும் மாத்தலாம். காலியா இருக்கிற எந்தப் பேரையும் யாரும் எடுக்கலாம், பெரிய கம்பெனி ஹெச்ஆர்னு தோணுற மாதிரியும் வைக்கலாம். லிங்க் அழகா இருக்குன்னு ஆளை நம்பிடாதீங்க. துபாய்ல வேலை, கத்தார்ல வேலைன்னு மெசேஜ் வந்தா, அந்த ப்ரொஃபைல் எப்போ ஆரம்பிச்சது, அந்தக் கம்பெனிப் பக்கத்துல ஊழியர்கள் பட்டியல்ல இந்த ஆளு இருக்காரான்னு பாருங்க. இங்கே உள்ள ஏஜென்ட்னா வெளியுறவு அமைச்சகத்தோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கு, அதுல தேடுங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரெண்டு லட்சம், மூணு லட்சம்னு கேட்டா அங்கேயே பேச்சை முடிச்சுக்கிடுங்க. நகையை வச்சுக் கொடுத்துட்டு நிக்கிற வீடு நம்ம தெருவுலயே இருக்கு, கேட்டியளா.

கேள்வி ரெண்டு வந்திருக்கு. குலசேகரத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: கல்யாணத்துக்குப் பிறகு பேருக்குப் பின்னால வீட்டுக்காரரு பேரைச் சேர்த்தேன், லிங்க்கையும் மாத்தணுமா? தேவையில்லை அக்கா. ப்ரொஃபைல்ல தெரியிற பேரும் லிங்க்கும் தனித்தனி. பேரை மாத்தினா லிங்க் தானா மாறாது. உங்க டிகிரியும் அனுபவச் சான்றிதழும் அப்பா பேருலதானே இருக்கு, லிங்க் அப்படியே இருக்கட்டும்.

கோணத்துல படிக்கிற ஒரு தம்பி: என் பேரு, அப்பா பேரு ரெண்டும் சேர்ந்த லிங்க்கை ஏற்கெனவே இன்னொருத்தர் வச்சிருக்கார், ஆனா அந்த ப்ரொஃபைல்ல படமும் இல்லை, வேலையும் இல்லை, எனக்கு வாங்கித் தருவாங்களா? மாட்டாங்க தம்பி. அது உன்னோட பழைய கணக்காவே இருக்கலாம், முதல்ல அதைப் பாரு. பத்தாம் கிளாஸ்ல வேற மெயில்ல ஆரம்பிச்சு மறந்தவங்க நிறைய உண்டு. பழைய மெயிலைப் போட்டு பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு கொடுத்துப் பாரு. உள்ளே போக முடிஞ்சா அந்தக் கணக்குல லிங்க்கை வேற ஏதாவதா மாத்திட்டு, இதுல எடுக்க முடியுதான்னு பாரு. உடனே கிடைக்கலைன்னா கொஞ்ச நாள் விட்டுத் திரும்பப் பாரு. அதுவரைக்கும் அந்த லிங்க்கை ரெஸ்யூம்ல போட்டுடாதே.

அடுத்த எபிசோட்ல ரெஸ்யூம்ல 'டிக்ளரேஷன்'னு ஒரு பத்தி எழுதி இடம், தேதி போட்டுக் கையெழுத்து போடுறாங்களே, அது தேவையான்னு பேசலாம். எனக்கு ஒரு கருத்து இருக்கு, நிறைய பேருக்குக் கோவம் வரும்.